சித்திரைக் கொன்றையும் தொரட்டிக் கோலும்: ஓர் ஆய்வு

சித்திரை பிறந்ததும் சென்னைத் தெருக்களில் ஒரு வகை மனிதர்கள் தென்படத் தொடங்குகிறார்கள். தோளில் கறுப்புப் பை. கழுத்தில் கேமரா. பார்வை மட்டும் வானத்தில். எதிரே வரும் மாநகரப் பேருந்தைக் கவனிக்காமல் நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கும் இவர்கள் அமெச்சூர் பூப்படக்காரர்கள். வாரநாட்களில் வங்கியிலோ கணினி நிறுவனத்திலோ ஒழுங்காக வேலை பார்ப்பவர்கள். இவர்களால் சமூகத்துக்குத் தீங்கு எதுவும் இல்லை. ஆனால் இவர்கள் எடுக்கும் படங்களில் மூன்று குறைகள் விடாமல் காணப்படுகின்றன. பூ எட்டாத உயரத்தில் இருக்கும்; இல்லையேல் ஆடியிருக்கும்; இல்லையேல் வெளுத்திருக்கும். மூன்றும் ஒரே படத்தில் கூடிவருவதும் உண்டு. இதற்குக் கேமராதான் காரணம் என்று படக்காரர்களும், படக்காரர்தான் காரணம் என்று அவர்தம் வீட்டாரும் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். இரு தரப்பும் இதுவரை சான்று காட்டியதில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்.

எல்லையும் முறையும்

ஆய்வுக் களம் அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் வட்டாரத் தெருக்கள். காலம் சித்திரையும் வைகாசியும். மரபுப்படி இதுவே இளவேனில். நாம் நடுங்கும் கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிறது. அதாவது அக்னி நட்சத்திரம் முழுவதும் இளவேனிலுக்கு உள்ளேயே அடங்கிவிடுகிறது. குளிர் நாடுகளில் வசந்தம் என்பது ஸ்வெட்டரைக் கழற்றும் காலம். இங்கே அது கழற்ற இனி ஒன்றும் பாக்கியில்லை என்ற நிலைக்கு ஆண்கள் வந்து சேரும் காலம்.

மரங்களுக்கு இந்த வெயிலைப் பற்றி மாற்றுக் கருத்து இருக்கிறது. கொன்றை இலையை உதிர்த்துவிட்டு மஞ்சள் சரங்களைத் தொங்கவிடுகிறது. புங்கம் தளிர்விட்டு, வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த பூவை நடைபாதை முழுக்கக் கொட்டுகிறது. வேம்பு தன் சின்னஞ்சிறு பூவை ரசத்துக்குத் தருகிறது. மே மாதத்தில் குல்மோகர் சிவக்கிறது. பெருங்கொன்றை நிறுத்தியிருக்கும் கார்களின் மேல் மஞ்சள் தூவுகிறது. இவற்றில் கொன்றையே இவ்வாய்வின் மையம். காரணம் எளிது: படக்காரர்கள் அதிகம் தோற்பது அதனிடம்தான்.

விளக்கமுறை, பகுப்பாய்வுமுறை ஆகியவற்றோடு, வேண்டிய இடங்களில் மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கும் முறையும் கையாளப்பட்டுள்ளது. முதன்மை ஆதாரங்கள் மரங்கள். துணைமை ஆதாரங்கள் வாட்ச்மேன்கள்.

முன்னோர் செய்தவை

செடிகொடிகளைப் படமெடுக்கும் ஆசைக்கு ஒளிப்படக் கலையின் வயதே வயது. இங்கிலாந்தில் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1830-களிலேயே வெள்ளி உப்பு பூசிய தாளின் மேல் இலைகளை வைத்து, வெயிலில் காட்டி, உருவம் பதித்தார். 1843-இல் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை நீலப் பதிவுத் தாளில் பதித்து நூலாக வெளியிடத் தொடங்கினார். ஒளிப்படங்களைக் கொண்டு வந்த முதல் நூல் என்று பலரும் குறிப்பது அதைத்தான். ஜெர்மானியரான கார்ல் பிளாஸ்ஃபெல்ட் தாமே செய்த கேமராவில் மொட்டுகளையும் தளிர்ச் சுருள்களையும் முப்பது மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டினார். 1928-இல் அது நூலாக வந்ததும் ஒரே இரவில் என்பார்களே, அப்படிப் புகழ் பெற்றார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. நம் அமெச்சூர்கள் இந்தத் தகவலை வீட்டில் அடிக்கடி எடுத்துச் சொல்வதைக் களத்தில் கேட்க முடிந்தது.

இம்மூவரும் மேதைகள். மறுப்பில்லை. ஆனால் ஆய்வாளன் என்ற முறையில் ஒன்றைச் சுட்டிக்காட்டாமல் இருக்க முடியாது. டால்பட்டின் இலை கண்ணாடிக்கு அடியில் அமுங்கிக் கிடந்தது. அட்கின்ஸின் பாசி உலர்ந்து தட்டையாகிவிட்டது. பிளாஸ்ஃபெல்ட்டின் மொட்டு வெட்டப்பட்டு அறைக்குள் வந்துவிட்டது. காற்று என்ற பாடம் இவர்கள் யாருடைய பாடத்திட்டத்திலும் இல்லை.

நம்மூருக்கு வருவோம். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1850-களில் வேலை பார்த்த லின்னேயஸ் டிரைப், மதுரை, தஞ்சைக் கோயில்களை 1858-இல் படமெடுத்து அழியாப் புகழ் பெற்றார். தாவரங்களுக்கெல்லாம் பெயர் வைத்த அறிஞரின் பெயரைத் தாங்கிக்கொண்டு இந்த மனிதர் ஏன் கோபுரத்துக்கு எதிரே போய் நின்றார் என்று எவரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. ஒரு படத்துக்குக் கேமராவின் கண்ணை விநாடிக்கணக்கில் திறந்துவைக்க வேண்டிய காலம் அது. கோபுரம் ஆடாது. டிரைப் விவரமானவர்.

ஆட்டம்

ஷட்டரை அழுத்தும் கணம் பார்த்துத்தான் காற்று வீசுகிறது என்பது படக்காரர்களிடையே நிலவும் உறுதியான நம்பிக்கை. காற்றுக்கு உள்நோக்கம் கற்பிக்கும் இக்கருதுகோளை நாம் உடனே தள்ளிவிடவில்லை; பல நாள் கூடவே நின்று பார்த்த பிறகுதான் தள்ளினோம்.

காற்று வருவது படக்காரருக்காக அல்ல, கடலுக்காக. காலையில் கடற்கரைத் தெருக்களில் இலை அசையாது. பகல் ஏற ஏறத் தரை சூடாகி, அதன் மேலுள்ள காற்று மேலெழ, அந்த இடத்தைப் பிடிக்கக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று புறப்படுகிறது. நம் படக்காரர் காபி, இட்லி, பத்திரிகை, பேட்டரி தேடல் ஆகிய நான்கையும் முடித்துக்கொண்டு மரத்தடிக்கு வரும்போது காற்றும் கிளம்பத் தயாராக இருக்கிறது. சதி ஏதும் இல்லை. இருவருடைய வேலை நேரமும் ஒன்று, அவ்வளவே.

ஆனால் காற்று சற்றே ஓய்ந்த நேரத்திலும் படம் ஆடுகிறதே, அது ஏன்? இங்கேதான் இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. கொன்றைச் சரம் ஓர் அடிக்கு மேல் நீளும். மெல்லிய காம்பில் தலைகீழாகத் தொங்கும். லேசாகத் தட்டிவிட்டாலும் ஊஞ்சலைப் போல ஆடும். ஒரு முறை போய்வர ஏறக்குறைய ஒரு விநாடி. ஊஞ்சல் எங்கே வேகமாகப் போகும், எங்கே ஒரு கணம் நிற்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். இரண்டு ஓரத்திலும் நிற்கும், நடுவில் பறக்கும். படக்காரர் என்ன செய்கிறார்? சட்டகத்தின் நடுவில் பூவை நிறுத்தத் திட்டமிட்டுவிட்டு, சரம் நடுவுக்கு வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கிறார். வந்ததும் அழுத்துகிறார். பூ தன் முழு வேகத்தில் ஓடும் ஒரே ஒரு புள்ளியை இப்படி ஒவ்வொரு முறையும் குறி தவறாமல் தேர்ந்தெடுப்பதற்குத் தனித் திறமை வேண்டும். ஓரத்தில் பிடித்தால் படம் நிற்கும். ‘அது காம்போசிஷன் இல்லையே’ என்கிறார்கள்.

கிட்டப்போய் ‘மேக்ரோ’ எடுப்பவர்களின் நிலை இன்னும் மோசம். பூவை அதே அளவில் சென்சாரில் விழவைத்து, துளையை எஃப் 8-இல் வைத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்தான். கொன்றைப் பூவைச் சற்று உற்றுப் பாருங்கள். இதழ் ஐந்து. நடுவே மகரந்தக் காம்புகள் பத்து. அவற்றில் மூன்று மட்டும் நீண்டு, வெளியே வந்து, வளைந்து மேலே திரும்பும். நான்கு நடுத்தரம். மூன்று குட்டை, அவற்றால் பெரிதாகப் பயனில்லை. நீண்ட மூன்றில் கூர்மை பிடித்தால் இதழ் கலங்கும். இதழில் பிடித்தால் மூன்றும் மஞ்சள் புகையாகும். மூச்சை அடக்கிக்கொண்டு, முழங்காலைச் சுவரில் ஊன்றி, இந்த ஒரு மில்லிமீட்டரைப் படக்காரர் ஒருவழியாகப் பிடிக்கும்போது கருவண்டு வரும்.

கருவண்டு வெறுமனே உட்கார்ந்துவிட்டுப் போகிற ஜீவன் அல்ல. நடுத்தரக் காம்புகளைப் பற்றிக்கொண்டு, சிறகை அடிக்காமல், உடம்பின் தசையை மட்டும் அதிரவைக்கும். ‘ஙொய்’ என்று ஒரு சத்தம். அந்த அதிர்வில் மகரந்தம் கொட்டும். வண்டு தின்பது நடுத்தரக் காம்பிலிருந்து. அதன் முதுகில் நீண்ட காம்பு பூசிவிடுவது அடுத்த பூவுக்கு. கொன்றை இனம் தழைப்பது இந்த ஏற்பாட்டினால்தான். அந்த நேரத்தில் எடுத்த படத்தில் பூவும் தெரியாது, வண்டும் தெரியாது. ஆனாலும் நம் கருத்தில், அங்கே நடக்கிற வேலைக்கு வண்டுக்குத்தான் முன்னுரிமை.

வெளுப்பு

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். சென்சாருக்கு இயல்பாக நிறம் தெரியாது. ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு நிற வடிகட்டியை ஒட்டியிருக்கிறார்கள். கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால்வாசி சிவப்புக்கு, கால்வாசி நீலத்துக்கு. மஞ்சள் என்பது கேமராவின் கணக்கில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. சித்திரை மாதத்துப் பத்து மணி வெயிலில் இவ்விரண்டு வகைப் புள்ளிகளும் நிரம்பி வழிந்துவிடுகின்றன. இதழின் நரம்பு, மடிப்பு, நிழல் எல்லாம் போய், மஞ்சள் திட்டு ஒன்று மிஞ்சுகிறது. எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்தால் சரியாகிவிடும். அப்படிக் குறைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனால் அங்கே பூவுக்குப் பின்னால் வெள்ளை வானம்; பூ கறுத்துப் போகும். அங்கே கூட்ட வேண்டும். கூட்டியதைப் பழையபடி குறைக்க நினைவிருக்க வேண்டும்.

வேப்பம்பூ மட்டும் இந்தச் சங்கடத்திலிருந்து ஒருவாறு தப்புகிறது. அதற்குக் காரணம் கேமரா இல்லை, சமையல். புத்தாண்டுப் பச்சடிக்கும் ரசத்துக்கும் பூ சேர்க்க மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துப் போடுகிறார்கள். வெயில் அந்த வெள்ளை வேட்டியில் பட்டுத் திரும்பி, நிழலில் கிடக்கும் பூங்கொத்தின் அடிப்பக்கத்துக்குப் பதமான வெளிச்சம் தருகிறது. இதே வேலையைச் செய்யும் மடக்குத் தட்டியைக் கடைகளில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். வேட்டியை விரித்தவர்களுக்கு இது தெரியாது. சொன்னால் வாடகை கேட்கக் கூடும்.

உயரம்

இனி முக்கியமான இயல். நல்ல பூ ஏன் எப்போதும் எட்டாத கிளையில் இருக்கிறது?

மரம் அப்படித்தான் பூக்கிறது என்பது பொதுவான விடை. அது தவறு. கொன்றை கீழ்க்கிளையிலும் பூக்கும்; கைக்கு எட்டும் உயரத்தில் பூக்கும். இதைக் காண வேண்டுமானால் அதிகாலை ஐந்தேகால் மணிக்கு வர வேண்டும். அந்த நேரத்தில் தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒரு பெண்மணி வருவார். காலில் ரப்பர் செருப்பு, இடது மணிக்கட்டில் மாட்டிய ஜவுளிக்கடைக் கவர், வலது கையில் தொரட்டி. மூங்கில் கழியில் இரும்புக் கொக்கி செருகிய பழைய தொரட்டி அல்ல இது. ஜன்னல் திரை மாட்டும் அலுமினியக் கம்பி. அதன் நுனியில் துணி உலர்த்தும் கொடிக்கம்பியை வளைத்து, ரப்பர் பேண்டு சுற்றிக் கட்டியது. எடை இல்லை, நீளம் உண்டு, மதிலுக்கு மேல் சத்தமில்லாமல் போய்வரும். இதை வடிவமைத்தவர் யாராயினும் பொறியாளர்.

முதலில் யார் வீட்டு நந்தியாவட்டையோ போகும். அடுத்துச் செம்பருத்தி, அரளி. கடைசியாகக் கொன்றை. கொன்றை சிவனுக்கு உகந்தது என்பதால் இங்கே மிச்சம் வைக்கும் பேச்சே கிடையாது. சித்திரையில் சென்னைச் சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்பே எழுந்துவிடும். அது எழும்போது அம்மையார் வீட்டில் தீபாராதனை முடியும் தறுவாயில் இருக்கும்.

இதிலிருந்து பெறப்படும் விதி: ஒரு தெருவில் எஞ்சியிருக்கும் பூக்களில் மிகத் தாழ்ந்தது, அந்தத் தெருவின் மிக நீளமான தொரட்டி எட்டும் உயரத்துக்கு ஒரு முழம் மேலே இருக்கும். இதைத் தொரட்டி விதி என அழைக்கலாம். ஐந்தடி உயரப் பெண்மணி, தூக்கிய கை, ஆறடிக் கம்பி. கூட்டினால் ஏறத்தாழப் பன்னிரண்டு அடி. கேமராவோடு கூடவே வரும் 18-55 மி.மீ. லென்ஸின் முழு நீளத்தில், மரத்தடியில் நின்று கண் மட்டத்திலிருந்து எடுத்தால், இரண்டு அங்குலக் கொன்றைப் பூ சென்சாரில் விழும் அளவு ஒரு மில்லிமீட்டர் சொச்சம். எட்டாத லென்ஸைக் குறைசொல்லி 70-300 வாங்குவதும், அதுவும் போதாமல் அதற்கு மேலே போவதும் இந்த ஒரு மில்லிமீட்டரில் தொடங்குகின்றன. சிக்கல் கண்ணாடியில் இல்லை. கொடிக்கம்பியில் இருக்கிறது.

விதியைச் சோதிக்க ஒப்பீட்டு மாதிரி வேண்டுமல்லவா? இருக்கிறது. மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகரைப் பூஜைக்கு யாரும் பறிப்பதில்லை. எந்தக் கடவுளுக்கும் அது ஒதுக்கப்படவில்லை. அதன் கீழ்க்கிளைப் பூக்கள் மே மாதம் முழுவதும் தலையில் இடிக்கின்றன. விதி நிரூபணமாயிற்று. அது மட்டுமா, கிட்டே வந்து பார்ப்பவருக்கு அங்கே பரிசும் உண்டு. ஐந்து இதழில் நான்கு சிவப்பு. ஒன்று மட்டும் நிமிர்ந்து நின்று, வெள்ளையும் மஞ்சளும் கலந்து, சிவப்புத் தீற்றலோடு இருக்கும். மரத்தைத் தூரத்திலிருந்து சிவப்புக் குடையாகப் பார்ப்பவர்களுக்கு இது தெரிய வழியில்லை. ஆனால் படக்காரரிடம் போய் இதோ எட்டுகிறதே, எடுங்கள் என்றால், ‘குல்மோகரா? அதைத்தான் எல்லாரும் எடுத்துட்டாங்களே’ என்கிறார். 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களில் குல்மோகர் ஏராளம். எல்லாரும் எடுத்துவிட்ட மரங்கள் இப்போது நிறையத் தெருக்களில் இல்லை.

தொரட்டி நுழையாத இடங்களும் உண்டு. பெரிய அலுவலக வளாகங்களில் கொன்றைகள் கைக்கு எட்டும் உயரத்திலேயே பூத்துக் குலுங்குகின்றன. அங்கே காவலாளி இருக்கிறார். ‘சார், கேமரால எடுக்கக் கூடாது. மொபைல்ல வேணா எடுத்துக்குங்க.’ இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று வாதம் செய்து வென்றவரை நாம் கண்டதில்லை. குடியிருப்புத் தெருக்களில் கேள்வி வேறு. மதிலுக்கு வெளியே நின்று லென்ஸை உயர்த்திய உடனே ஜன்னல் திறக்கும். ‘தம்பி, கார்ப்பரேஷனா? மரத்த வெட்டப் போறீங்களா?’ பூவைப் பார்க்கத்தான் வந்தேன் என்ற விடையை எவரும் நம்புவதில்லை. இந்த ஊரில் மரத்தை ஒருவர் உற்றுப் பார்க்கிறார் என்றால் அடுத்து என்ன நடக்கும் என்பதில் மக்களுக்குள்ள அனுபவம் அப்படி. வீட்டுக்கு விலை பேச வந்த தரகர் என்று எண்ணி உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்த வீடும் உண்டு. அந்த வீட்டுக் கொன்றைப் படம் நன்றாக வந்தது.

நுகர்வு

இத்தனையும் கடந்து ஒரு படம் தேறினால் அது எங்கே போகிறது? குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு. 24 மெகாபிக்சலில் எடுத்தது அங்கே போகும்போதே சுருங்கிவிடும். முதல் மறுமொழி, ‘சூப்பர், எந்த போன்ல எடுத்தது?’ மறுநாள் காலை அதே படம் வேறொரு குழுவிலிருந்து படக்காரருக்கே திரும்பி வரும். குறுக்கே ரோஜா நிற எழுத்தில் ‘இனிய காலை வணக்கம்’ இருக்கும். மூலையில் ஆவி பறக்கும் காபிக் கோப்பை சேர்ந்திருக்கும். அந்த நீண்ட மூன்று மகரந்தக் காம்புகளுக்கு நேர் மேலே ‘வணக்கம்’ உட்கார்ந்திருக்கும். அமெச்சூர் கலையின் மிகப் பரந்த வாசகப் பரப்பு இதுதான் என்பதால் இதைக் குறைத்து மதிப்பிடும் உரிமை ஆய்வாளனுக்கு இல்லை.

பரிந்துரை

காற்றில்லாத நேரம், வெயில் முறுகாத நேரம், பூ கைக்கு எட்டும் நேரம் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் குறித்துப் பார்த்தால் முதல் இரண்டும் காலை ஆறுக்கும் ஏழுக்கும் இடையே ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. மூன்றாவது மட்டும் ஐந்தரைக்கே முடிந்துவிடுகிறது. ஆட்டம், வெளுப்பு, உயரம் என்று தனித்தனியாக நாம் ஆராய்ந்த மூன்று குறைகளும் இந்த அரை மணி நேரப் பிசகிலிருந்து பிறந்தவை. படக்காரர் ஐந்து மணிக்கு எழுந்து வரலாமே என்று கேட்கலாம். இருட்டில் என்ன எடுப்பது? சூரியனை முன்கூட்டி வரச் சொல்லவும் வழியில்லை. ஆகவே நகரக்கூடிய தரப்பு ஒன்றுதான் மிஞ்சுகிறது.

அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் வட்டாரத்துத் தொரட்டி வைத்திருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். நந்தியாவட்டை முழுக்க உங்களுக்கு. செம்பருத்தி, அரளி பற்றி எங்களுக்குப் பேச்சே இல்லை. வைகாசி முடியும்வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், கொன்றையின் கீழ்க்கிளையில் ஒரே ஒரு சரத்தை ஆறரை மணிவரை விட்டுவையுங்கள். படம் எடுத்த கையோடு நாங்களே பறித்து வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறோம். தொரட்டி கூடத் தேவைப்படாது.